கிரைண்டர் பெல்ட் அறுந்தது, புத்தியும் சேர்ந்து நின்றுவிட்டது: இதைப் பழகிச் சரிசெய்ய முடியுமா?

#1 இட்லிக்கடை அக்கா · வெள்ளி, பகல் 2:40

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு சந்தில் காலை டிபன் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருஷம் ஆகிறது. கடை என்றால் வீட்டு முன்கட்டுதான், நாலு பெஞ்சு. வருகிறவர்களில் பாதிப் பேர் நோயாளியோடு வந்து லாட்ஜில் தங்கியிருக்கும் வெளியூர் ஜனங்கள். வங்காளம், அசாம், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் ஆறு கிலோ அரிசி ஊறிக்கொண்டிருந்தது. உளுந்து ஒன்றரைக் கிலோவை அரைத்து வழித்துப் பெரிய குண்டானில் எடுத்து வைத்துவிட்டேன். அரிசியைப் போட்டுப் பத்து நிமிஷம் ஓடியிருக்கும், பட்டென்று ஒரு சத்தம். மோட்டார் உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை. பெல்ட் அறுந்துபோயிருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் நாளைக்குப் பத்து மணிக்கு மேல்தான் வருவேன் என்கிறார்.

அப்புறம் நான் செய்தவற்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். சணல் கயிற்றை முறுக்கி பெல்ட் மாதிரி கட்டினேன். இரண்டு சுற்றில் அவிழ்ந்தது. மிக்சியில் போட்டேன், நாலாவது ஈட்டிலேயே கருகல் வாடை. வீட்டுக்காரரை பெல்ட் தேடி அனுப்பினேன், இரண்டு கடை ஏறி இறங்கி அளவு சேராத ஒன்றைக் கொண்டுவந்தார். படித்துக்கொண்டிருந்த மகளை ஒரு காரணமும் இல்லாமல் திட்டினேன். ஒன்பதரை மணிக்கு அரிசியைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொட்டினேன், உளுந்து மாவைச் சாக்கடையில் ஊற்றினேன், படுத்துவிட்டேன். காலையில் கடை திறக்கவில்லை.

ஒருநாள் வியாபாரம் போனால் போகட்டும். ஏழு மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். மூன்று வாரமாக வருகிறவர், மனைவிக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. தூக்குவாளியோடு படியில் நின்றார். கதவை ஒரு தடவை தட்டினார், அப்புறம் கதவில் ஏதாவது எழுதி ஒட்டியிருக்கிறதா என்று கிட்டே வந்து பார்த்தார். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பதில் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

இன்னொன்றைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு பாய் மாவு அரைக்கும் மில் வைத்திருக்கிறார். தினமும் காய் வாங்க அந்த வழியாகத்தான் போகிறேன். அது என் நினைவுக்கு வந்தது மறுநாள் பதினோரு மணிக்கு, மெக்கானிக் பெல்ட் மாட்டிவிட்டுப் போன பிறகு.

இது கிரைண்டரோடு நிற்கிற விஷயமில்லை. பஸ் வராவிட்டாலும், விருந்தாளி சொல்லாமல் வந்தாலும், மகள் வேறு குரூப் எடுக்கிறேன் என்றாலும் எனக்கு இப்படித்தான் ஆகிறது. நினைத்தது மாறினால் புத்தி அதே இடத்தில் சிக்கிக்கொள்கிறது. இதைப் பழக்கத்தில் சரிசெய்ய முடியுமா? "பாசிட்டிவாக யோசியுங்கள்" என்பதைத் தவிர வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

#2 காட்பாடி ஜங்ஷன் · வெள்ளி, பகல் 3:05

அக்கா, சணல் கயிற்றுக்கு என் சல்யூட். புத்தி நிற்கவில்லை, கிரைண்டரையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. செக்குமாடு நிற்காமல்தான் நடக்கும், ஊர் போய்ச் சேராது.

#3 சித்தூர் ரோடு · வெள்ளி, மாலை 4:20

அக்கா தப்பாக நினைக்கவில்லை என்றால் ஒன்று சொல்கிறேன். படிக்கும்போதே வயிறு எரிந்தது.

உளுந்து அரைத்து முடித்து எடுத்து வைத்துவிட்டீர்கள் அல்லவா? அப்புறம் எதற்குக் கிரைண்டர்? எங்கள் அம்மா வீடு சித்தூர் பக்கம். அங்கே இட்லிக்கு அரிசியே அரைப்பதில்லை. உளுந்தை மட்டும் அரைத்து, கடையில் வாங்கிய இட்லி ரவையைக் கழுவி ஊறவைத்துப் பிழிந்து அதில் கலந்து, உப்புப் போட்டு மூடி வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். ஒரு பங்கு உளுந்துக்கு இரண்டு, இரண்டேகால் பங்கு ரவை. ஒன்றரைக் கிலோ உளுந்துக்கு மூன்று கிலோ ரவை, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். கொஞ்சம் நறநறவென்று இருக்கும், அவ்வளவுதான்.

1911ல் பிரிக்கும் வரைக்கும் சித்தூரும் நம் வேலூர் இருந்த அதே வட ஆற்காடு ஜில்லாதான். ஆகவே இதை வெளியூர்ச் சமையல் என்று ஒதுக்க முடியாது, பாருங்கள்.

#4 இட்லிக்கடை அக்கா · வெள்ளி, மாலை 4:31

அய்யோ. சாக்கடையில் ஊற்றினேனே. நுரை பொங்கப் பொங்க ஊற்றினேன்.

#5 கணக்கு வாத்தியார், பேரணாம்பட்டு · வெள்ளி, மாலை 6:10

ரிடையர் ஆகி ஏழு வருஷம் ஆனாலும் கேள்வி கேட்கிற வியாதி போகவில்லை. எல்லாரும் ஒரு கணக்கு போடுங்கள், அப்புறம் பேசலாம்.

குழாயடியில் மூன்று குடம் இருக்கிறது. அளவுக்கோடு கிடையாது, நிரப்பலாம், ஊற்றலாம், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றலாம். சொன்ன அளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்.

முதல் கணக்கு: குடங்கள் 21, 127, 3 லிட்டர். வேண்டியது 100.
இரண்டாவது: 14, 163, 25. வேண்டியது 99.
மூன்றாவது: 18, 43, 10. வேண்டியது 5.
நாலாவது: 23, 49, 3. வேண்டியது 20.
ஐந்தாவது: 28, 76, 3. வேண்டியது 25.

வரிசையாகப் போடுங்கள். தாவிப் பார்க்கக் கூடாது.

#6 காட்பாடி ஜங்ஷன் · வெள்ளி, இரவு 8:47

127 லிட்டர் குடத்தை எந்த அம்மா தூக்குவார் சார்? சரி, போட்டுவிட்டேன். நடுக்குடத்தை நிரப்பி, முதல் குடத்துக்கு ஒரு தடவை ஊற்றி, மூன்றாவதுக்கு இரண்டு தடவை ஊற்றினால் மீதி நிற்பது விடை. 127ல் 21 போய் 106, அதில் 6 போய் 100. நாலு கணக்குக்கும் அதே வழிதான். 49ல் 23 போய் 26, 6 போய் 20. ஐந்தாவதில் மட்டும் 42 வருகிறது. நீங்கள் தப்பாக எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

#7 சித்தூர் ரோடு · வெள்ளி, இரவு 8:58

28ல் 3 எடுத்தால் 25. தம்பி, நாலாவதும் அப்படித்தான். 23ல் 3 எடுத்தால் 20. நடுக்குடத்தைத் தொடவே வேண்டாம்.

#8 காட்பாடி ஜங்ஷன் · வெள்ளி, இரவு 9:01

இன்று முதல் செக்குமாடு பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

#9 கணக்கு வாத்தியார், பேரணாம்பட்டு · சனி, காலை 6:30

கணக்கில் தப்பில்லை. இந்தக் குடக் கணக்கை ஆபிரகாம் லூச்சின்ஸ் என்கிற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1942ல் வெளியிட்டார். முதலில் சில கணக்குகளை நீட்டு வழியில் போட்டுப் பழகியவர்களில் பெரும்பாலோர், குறுக்கு வழி கண்ணெதிரே இருக்கும் கணக்கையும் நீட்டு வழியிலேயே போட்டார்கள். நீட்டு வழி செல்லாத கணக்கு வந்ததும் பலர் அப்படியே நின்றுவிட்டார்கள். முன்பழக்கம் இல்லாதவர்களிடம் அதே கணக்கைக் கொடுத்தால் சட்டென்று போட்டுவிட்டார்கள். நம் தம்பி ஒரு படி மேலே போய், கணக்கே தப்பு என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். என் வகுப்பிலும் அது வழக்கம்தான்.

அக்காவுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். உங்கள் புத்தி மந்தம் இல்லை. பதினோரு வருஷம் ஒரே வழியில் தினமும் ஜெயித்திருக்கிறீர்கள். அந்த வெற்றிதான் பாய் மில்லை உங்கள் கண்ணிலிருந்து மறைத்தது. நேற்றுக் கடை திறந்த ஒருவர் நேராக மில்லுக்குப் போயிருப்பார்.

இன்னொன்றும் அந்த ஆராய்ச்சியில் உண்டு. சில பேரை நடுவில் நிறுத்தி, "கண்ணை மூடிக்கொண்டு போகாதே" என்கிற பொருளில் ஒரு வரியைத் தாளில் எழுதச் சொன்னார். அதை எழுதியவர்களில் நிறையப் பேர் குறுக்கு வழியைக் கண்டுகொண்டார்கள். வேறு பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை, அந்த ஒரு வரிதான். இரண்டாம் தடவை முயற்சி செய்து நடக்காவிட்டால் கையை எடுத்துவிட்டு உட்கார்வது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தடவைதான் மிக்சி கருகுகிறது.

#10 வேலப்பாடி மருமகள் · சனி, காலை 9:15

எல்லாரும் அருமையாகப் பேசுகிறீர்கள். எனக்கு இந்தத் தலைப்பைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, மன்னிக்கவும்.

"வளைந்து கொடு", "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ". பதினாறு வருஷமாக நான் கேட்கிற ஒரே பாட்டு. சமையலறையில் புகை போக வழியில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. லீவு நாளில் எட்டுப் பேர் சொல்லாமல் சாப்பிட வருகிறார்கள், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. அந்த எட்டுப் பேரில் யாரும் ஒருநாளும் எதையும் அட்ஜஸ்ட் பண்ணியதில்லை. அக்கா வீட்டிலும் பாருங்கள்: வீட்டுக்காரர் அளவு பார்க்காமல் பெல்ட் வாங்கி வருகிறார், புத்தி சரியில்லை என்று வருத்தப்படுவது அக்கா.

ஒரு மனுஷிக்கு அழுகை வந்தால் ஒருநாள் கடையை மூடிவிட்டு அழுதுவிட்டுப் போகட்டும். அதற்கும் பயிற்சி எடுக்க வேண்டுமா?

#11 இட்லிக்கடை அக்கா · சனி, காலை 9:40

அம்மா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்த பெல்ட் விஷயத்தில் அளவு நான்தான் தப்பாகச் சொன்னேன். அவர் பாவம், அறுந்த பெல்ட்டைக் கையில் கொடு என்று கேட்டார். அதை வைத்து நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன், தரமாட்டேன் என்றுவிட்டேன்.

#12 தமிழம்மா, குடியாத்தம் · சனி, பகல் 12:25

மருமகள் அம்மாவின் கோபம் நியாயமானது, அதைத் தள்ள முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த இலக்கணம் கொஞ்சம் உதவும். இருபத்தெட்டு வருஷம் இதைத்தான் நடத்தினேன், விடமாட்டேன்.

அக்கா அன்று சாயங்காலம் மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டிருப்பார்? "நாளைக்கு இட்லி போட்டே ஆகணும்." அந்த "போட்டே"யில் ஒரு ஏகாரம் உட்கார்ந்திருக்கிறது. தேற்ற ஏகாரம், உறுதியைக் காட்டுவது. அதை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்: "நாளைக்கு இட்லி போடணும்." உடனே மூச்சு விட இடம் கிடைக்கிறது. இட்லி இல்லாவிட்டால் பொங்கல் என்று அடுத்த சொல் தானாக வருகிறது. ஏகாரம் இருந்தால் வராது, அது ஆணி அடித்துவிடும்.

மனோதத்துவம் படிக்கிற என் பெண் சொன்னாள், ஆல்பர்ட் எல்லிஸ் என்கிற அமெரிக்கர் 1950களிலேயே இந்த "ஆகணும்" புத்தியைத்தான் மனவேதனைக்குக் காரணமாகப் பிடித்தாராம். நடந்தது நம்மைப் படுத்துவதைவிட, நடந்தே ஆகணும் என்று நாம் வைத்த விதி அதிகம் படுத்துகிறது. அவர் ஆங்கிலத்தில் அதற்கு ஒரு தனிச்சொல்லைத் தேட வேண்டியிருந்தது. நமக்கு ஓர் எழுத்துதான்.

வீட்டில் சோதித்துப் பார்த்தேன். ஒரே காலையில் நான் போட்ட ஏகாரங்கள்: ஏழரை பஸ்ஸைப் பிடித்தே ஆகணும் (நான் ஓய்வு பெற்றவள், எதற்கு?), பாலை இப்போதே காய்ச்சியே ஆகணும், பேரன் அந்தத் தோசையை முழுசாகச் சாப்பிட்டே ஆகணும். மூன்றிலும் ஏகாரத்துக்கு வேலையே இல்லை.

#13 தோல் ஷாப் மகன், ஆம்பூர் · சனி, இரவு 10:02

தமிழம்மாவுக்கு வணக்கம். ஆனால் எல்லா ஏகாரத்தையும் பிடுங்கிவிடாதீர்கள்.

எங்கள் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். எனக்குச் சோறு போட்டது தோல்தான், அதைப் பழித்துப் பேச மாட்டேன். ஆனால் தோல் ஷாப் கழிவுநீரால் பாலாற்றங்கரையில் கிணறுகள் எப்படிக் கெட்டன என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. முதலில் அதைக் குடிப்பதை நிறுத்தினார்கள், அப்புறம் சமைப்பதை, அப்புறம் துவைப்பதை. ஒவ்வொரு தடவையும் ஒரு புது வழி கண்டுபிடித்தார்கள். இதை நீங்கள் வளைந்த புத்தி என்று பாராட்டுவீர்களா? எனக்கு அது தோற்றுக்கொண்டே போனதாகத்தான் தெரிகிறது.

"நல்ல தண்ணீர் இருந்தே ஆகணும்" என்று பிடிவாதமாக நின்ற ஒரு கூட்டமும் இருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கெடுத்தவன்தான் ஈடு கட்ட வேண்டும், கெடுதல் வரும் முன்பே தடுக்க வேண்டும் என்கிற இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் நடத்துகிறார்கள். ஆறு முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணியிருந்தால் அந்தத் தீர்ப்பே இல்லை.

#14 தமிழம்மா, குடியாத்தம் · ஞாயிறு, காலை 7:50

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. நான் அவசரப்பட்டுவிட்டேன். ஏகாரத்தை எடுப்பதைவிட இடம் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். "காலையில் வருகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தே ஆகணும்" என்பது இருக்கட்டும். "இட்லிதான், என் கிரைண்டரில்தான்" என்பதில் ஆணி வேண்டாம். தண்ணீர் விஷயத்தில் நல்ல தண்ணீர் என்பதில் ஆணி இருக்கட்டும். மனு கொடுப்பதா, கோர்ட்டா, இரண்டுமா என்பதில் வளையட்டும்.

மருமகள் அம்மாவுக்கும் இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். புகைபோக்கி வந்தே ஆகணும். அதில் வளையாதீர்கள்.

#15 வேலப்பாடி மருமகள் · ஞாயிறு, காலை 8:30

இதை மாமியாரிடம் காட்டலாமா என்று யோசிக்கிறேன்.

#16 ஸ்பேர் பார்ட்ஸ் · ஞாயிறு, காலை 11:00

இதற்கு இத்தனை மனோதத்துவமா? இரண்டு பெல்ட் வாங்கி ஆணியில் மாட்டி வையுங்கள். பிரச்சினை முடிந்தது. முன்னேற்பாடு இல்லாதவர்தான் வளைய வேண்டும்.

#17 நைட் டூட்டி · திங்கள், காலை 8:20

ஸ்பேர் பார்ட்ஸ் சார், பெல்ட் வாங்கி வைக்கட்டும், நல்லதுதான். அடுத்த தடவை கேஸ் தீரும், அதற்கடுத்த தடவை மாவு புளிக்கும். எல்லாவற்றுக்கும் ஆணி அடிக்கச் சுவர் போதாது.

நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் வேண்டாம். மயக்கமருந்து டாக்டர்கள் தங்கள் படிப்பிலேயே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நெருக்கடியில் ஒரு காரணத்தை மனதில் பிடித்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பச் சரிசெய்யப் பார்ப்பது, பக்கத்தில் இருக்கும் வேறு காரணம் கண்ணில் படாமல் போவது. நிலைகுத்திப் போகிற தவறு என்று சொல்லலாம். அனுபவம் இல்லாதவர்களுக்கு மட்டும் வருவதில்லை, பெரிய டாக்டர்களுக்கும் வரும். அவசரத்தில் மனசு ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி குறுகிவிடுகிறது.

அதற்கு வைத்திருக்கும் மருந்துகளில் ஒன்று எளிமையானது. வெளியிலிருந்து புதிதாக ஒருவரைக் கூப்பிடுவது. முக்கியமான விஷயம், நாம் முடிவு செய்த காரணத்தை அவரிடம் சொல்லக் கூடாது. "டியூப் அடைத்திருக்கிறது, பாருங்கள்" என்றால் அவரும் டியூப்பைத்தான் பார்ப்பார். "ஆக்சிஜன் குறைகிறது, என்னவென்று பாருங்கள்" என்று சொல்ல வேண்டும்.

அக்கா அன்று வீட்டுக்காரரிடம் "பெல்ட் வாங்கி வாருங்கள்" என்றார். "காலைக்கு மாவு இல்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தால் அந்த மனுஷர் பாய் மில்லைச் சொல்லியிருப்பார் என்று நான் பந்தயம் கட்டுகிறேன்.

#18 இட்லிக்கடை அக்கா · திங்கள், பகல் 1:15

நைட் டூட்டி அம்மா, இப்போதுதான் அவரிடம் கேட்டேன். "மில்லு இருக்கேன்னு எனக்கு அப்பவே தோணுச்சு, நீ பெல்ட்டு பெல்ட்டுன்னு நின்னே, நான் இன்னாத்துக்கு வாய குடுக்கறதுன்னு போய்ட்டேன்" என்கிறார். பதினோரு வருஷமாகக் கடையில் "சொந்த மாவு" என்று எழுதி வைத்திருப்பது நான். மில்லில் அரைத்தால் கௌரவக் குறைச்சல் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்திருக்கிறது போல. அவருக்கு அது தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

#19 சின்னவன் அம்மா · திங்கள், இரவு 11:30

இந்த இழையை நாலு நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன்.

என் சின்னவனுக்கு ஒன்பது வயசு. ஆட்டிசம். எதுவும் மாறினால் அவனால் தாங்க முடியாது. சத்துவாச்சாரியிலிருந்து பள்ளிக்குப் போகிற ஆட்டோ ஒருநாள் ரோடு வேலையால் சர்வீஸ் ரோட்டில் திரும்பியது. அவன் தலையை முட்டிக்கொண்டு அழுததில் நெற்றி வீங்கிவிட்டது. இங்கே நீங்கள் எல்லாம் "புத்தி சிக்கிக்கொள்கிறது" என்று சொல்வதை நான் தினமும் வெளியிலிருந்து பார்க்கிறேன். அது பிடிவாதம் இல்லை, வலி.

சிறப்புப் பள்ளி டீச்சர் கற்றுக்கொடுத்த மாதிரி செய்கிறோம். பெரிய மாற்றத்தில் பழக்கக் கூடாது, எதுவும் நடக்காத நல்ல நாளில் மிகச் சின்ன மாற்றத்தில் பழக்க வேண்டும். அவனுக்கு எவர்சில்வர் டம்ளர், விளிம்பில் ஒரு நெளிசல் இருக்கும், அதில்தான் பால். முதல் வாரம் அதே டம்ளரை வேறு இடத்தில் வைத்தேன். இரண்டாவது வாரம் பக்கத்தில் இன்னொரு டம்ளரைச் சும்மா வைத்தேன், பால் ஊற்றவில்லை. மூன்றாவது வாரம் இரண்டிலும் பாதிப் பாதி. நெளிசல் டம்ளரைக் குடித்தான், மற்றதைத் தள்ளிவிட்டான். கொட்டியது. துடைத்தேன். ஐந்தாவது வாரம் புது டம்ளரைக் கையில் எடுத்து, விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தான். நெளிசலைத் தேடுகிறான். இல்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். அப்புறம் குடித்தான்.

சிலேட்டில் தினமும் இரண்டு படம் போடுவோம். மேலே "இப்படி", கீழே "இல்லாவிட்டால் இப்படி". மேலே ஆட்டோ, கீழே அப்பா வண்டி. கீழே இருப்பது நடக்கும் நாளில் மேலே இருப்பதை அவனே அழிக்க வேண்டும். அவன் கையால் அழித்தால் அழுகை குறைகிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது, குறைகிறது.

விளையாட்டும் உண்டு. ஒரு பொருளைக் கொடுத்து இதை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று கேட்பது. சொம்பு என்றால் எனக்குத் தண்ணீர்தான் வரும். அவன் தலையில் கவிழ்த்துப் போலீஸ் என்றான்.

அக்கா, பெரிய நெருக்கடியில் பழகப் பார்க்காதீர்கள். அன்றைக்கு யாருக்கும் வராது. எதுவும் கெடாத நாளில் வேண்டுமென்றே ஒன்றை மாற்றிப் பாருங்கள். வாரத்தில் ஒருநாள் மாவை மில்லில் கொடுத்து அரையுங்கள்.

#20 கணக்கு வாத்தியார், பேரணாம்பட்டு · செவ்வாய், காலை 6:15

அம்மா, நாற்பது வருஷம் பாடம் எடுத்தவன் சொல்கிறேன். நீங்கள்தான் வாத்தியார்.

#21 காட்பாடி ஜங்ஷன் · செவ்வாய், காலை 7:40 (ரயில் இன்னும் வரவில்லை)

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், அல்லது விலகவில்லை. எங்கள் ஆயா நம் ஊரைப் பற்றி எப்போதும் ஒரு வசனம் சொல்லும்: தண்ணி இல்லாத ஆறு, ராசா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை. கேட்டவுடனே தலையாட்டுவோம், அவ்வளவு பொருத்தமாக இருக்கும்.

கோட்டைக்குள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் காலங்காலமாக மூலவர் இல்லை, சரி. ஆனால் 1981லேயே சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். ஆயா அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து, "சாமி இல்லாத கோயில்" என்று அதே வசனத்தைச் சொல்லும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. மாடியிலிருந்து காட்டினேன். பார்த்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டது, "தண்ணி இல்லாத ஆத்துல எம்மாந் தண்ணி" என்றது.

#22 சித்தூர் ரோடு · செவ்வாய், காலை 7:52

ஆயா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மரம் இல்லாத மலை அப்படியேதானே இருக்கிறது.

#23 இட்லிக்கடை அக்கா · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:00

எல்லாருக்கும் வணக்கம். என்ன ஆயிற்று என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை தோறும் பாய் மில்லில் அரைக்கிறேன். முதல் நாள் குண்டானைத் துணியால் மூடி, யாரும் பார்க்காத மாதிரி கொண்டுபோனேன். பாய் திறந்து பார்த்துவிட்டு, "உளுந்து கொஞ்சம் ஜாஸ்தி போடறீங்க, அதான் உங்க கடை இட்லி மெத்துன்னு இருக்கு" என்றார். என் இட்லியை அவர் சாப்பிட்டிருக்கிறார் என்பதே அன்றுதான் தெரிந்தது. மாவு கொஞ்சம் சூடாக வருகிறது, இந்த ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் புளிக்கிறது. ஆகவே இரவு ஒன்பதுக்கு மேல்தான் கொடுக்கிறேன்.

போன வியாழன் உண்மையான சோதனை. காலை ஐந்தே காலுக்கு சிலிண்டர் தீர்ந்தது. மாற்று சிலிண்டரும் காலி, மகள் சொன்னாள், நான் கேட்கவில்லை. உடனே எனக்குப் பழைய மாதிரி வந்துவிட்டது. ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினேன். சிலிண்டரை ஆட்டினேன். மறுபடி மாட்டினேன். மூன்றாவது தடவை கை போகும்போது வாத்தியார் ஞாபகம் வந்தது, கையை எடுத்துத் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுதான் என் சாதனை, ஒரு யோசனையும் வரவில்லை. மகளைக் கூப்பிட்டு நர்ஸ் அம்மா சொன்ன மாதிரி கேட்டேன்: "ஏழு மணிக்கு ஐம்பது பேர் வருவாங்க, என்ன பண்ணலாம்?" கேஸ் என்ற வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

அவள் தூக்கக் கலக்கத்தில், "கரண்ட் அடுப்புல ஒரு குண்டான்தாம்மா வெக்க முடியும். ஒரு குண்டான்ல எது ஐம்பது பேருக்கு வரும்?" என்றாள்.

கிச்சடி வைத்தோம். அரிசி, பாசிப்பருப்பு, இருந்த காய் எல்லாம் ஒன்றாக. முதல் குண்டான் அடிப்பிடித்தது. இரண்டாவது தண்ணீர் அதிகமாகி கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. ரெகுலராக வருகிற ஆட்டோக்காரத் தம்பிகள் ஏழெட்டுப் பேர், "இன்னாக்கா இது, ஆஸ்பத்திரி சாப்பாடாட்டம்" என்று எழுந்து போய்விட்டார்கள். நஷ்டம்தான், பொய் சொல்லமாட்டேன்.

அந்தப் பெரியவர் ஏழு மணிக்கு வந்தார். வாளியை நீட்டினார். நான் சைகையில் இன்று இட்லி இல்லை என்று காட்டி, குண்டானைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தார். "கிச்சுரி!" என்றார். அவர்கள் ஊரில் இதற்கு அதுதான் பெயராம். மனைவிக்கு மட்டும் வாங்குகிறவர், அன்று பெஞ்சில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். போகும்போது கையால் ஏதோ கேட்டார், மகள்தான் புரிந்துகொண்டாள்: நாளைக்கும் உண்டா என்று.

அறுந்த பெல்ட்டைத் தூக்கிப் போடவில்லை. முருங்கைக் கன்றுக்கு முட்டுக் கொடுத்து அதால் கட்டியிருக்கிறேன். காற்றுக்கு ஆடினாலும் அறுக்கவில்லை.

#24 ஸ்பேர் பார்ட்ஸ் · ஞாயிறு, மாலை 5:20

புது பெல்ட் வாங்கினீர்களா இல்லையா?

#25 இட்லிக்கடை அக்கா · ஞாயிறு, மாலை 5:24

இரண்டு வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன் சார். சிலிண்டருக்குத்தான் ஆணி இல்லை.

#26 வேலப்பாடி மருமகள் · ஞாயிறு, இரவு 9:10

புகைபோக்கிக்கு நாளைக்கு ஆள் வருகிறார். மாமியாரிடம் இழையைக் காட்டவில்லை. எட்டுப் பேர் வந்த நாளில் ஒரு குண்டான் கிச்சடி மட்டும் வைத்தேன், வேறெதுவும் செய்யவில்லை. மறுநாளே அவரே கொத்தனாருக்குப் போன் செய்துவிட்டார்.

#27 காட்பாடி ஜங்ஷன் · ஞாயிறு, இரவு 9:31

அக்கா, கிச்சடி எந்தக் கிழமை? கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?

#28 இட்லிக்கடை அக்கா · ஞாயிறு, இரவு 9:45

வியாழக்கிழமை. ஆறரைக்குத் திறப்போம். வாளி கொண்டுவாருங்கள், பார்சல் கவர் கிடையாது.